நாளைக் காலைக் கைதட்டல்

"விக்கவும் முடியாது, வேற யாரும் போட்டுக்கவும் முடியாது. என் மூக்குக் கண்ணாடிய எவ எடுப்பா, ஷாஹிந்தா? திருப்பிக் குடுத்துக் கைதட்டல் வாங்கத்தான் எடுப்பா" என்றார் தலைமை ஆசிரியை இன்ஸாஃப்.

எதிரே நின்றிருந்தாள் ஆசிரியை ஷாஹிந்தா. தமன்ஹூர் நகரில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் காலை அணிவகுப்பின் மைக் அவள் பொறுப்பு. கீழே கிடந்த பொருளை எடுத்துக் கொடுக்கும் மாணவியின் பெயரை மைக்கில் வாசித்து, பள்ளி முழுவதையும் கைதட்ட வைத்தது அவள் யோசனைதான். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பள்ளியில் தொலையாத பொருளே இல்லை என்றாகிவிட்டது. தொலைந்த வேகத்தில் பேனாக்கள் கிடைத்தன. தன் கைக்கடிகாரத்தைத் தோழியிடமே கொடுத்து, "இன்னிக்கு நீ கண்டுபிடி, நாளைக்கு நான்" என்று முறை வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?" ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர் அப்துல் மவ்ஜூத் ஆரம்பித்தார். தலை நரைத்த மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஒழுங்கா இருக்கறதுக்கு எதுக்குக் கைதட்டல்? நாங்கல்லாம் படிக்கலயா, வேலை பாக்கலயா? கைதட்டறது கல்யாண வீட்டோட இருக்கணும்."

"உஸ்தாத், ரொதைனா பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வர்றதே அந்தக் கைதட்டலுக்கு அப்புறம்தான்" என்றாள் ஷாஹிந்தா. "முன்னாடியெல்லாம் பாதி நாள் ரயில்வே கேட் பக்கம் சுத்திட்டிருந்தவ."

"நானும் அவளத்தான் சொல்றேன்" என்றார் இன்ஸாஃப். "மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முகம் கழுவறதுக்காகக் கண்ணாடியக் கழட்டி இந்த மேஜைல வெச்சேன். அப்ப மைக் ரூம் சாவியக் குடுக்க வந்தவ அவதான். திரும்பி வந்து பாத்தா கண்ணாடியக் காணோம். இன்னொரு தடவை ஏதாவது பண்ணினா வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவேன்னு அவ ஊர் சுத்தினப்பவே அவ அம்மாகிட்ட சொல்லியாச்சு."

"அவ எடுத்ததப் பாத்தீங்களா மேடம்?"

"கண்ணாடி இல்லாம எதம்மா பாக்கறது?"

ரொதைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எதற்கு என்று தெரியாமல் சிரித்த முகத்தோடுதான் உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அல்லாஹ் மேல சத்தியமா நான் எடுக்கல மேடம்."

"இப்பவே குடுத்துட்டா இந்த அறையோட போயிடும். எங்க வெச்சிருக்க?"

"இல்லாதத எங்கேருந்து குடுக்கறது?"

"வாயப் பாரு."

"பையக் கொட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க."

கொட்டினாள். கடித்து மிச்சம் வைத்த ரொட்டி, சீப்பு, புத்தகங்கள், ஒற்றைக் காலுறை. இன்ஸாஃப் சீப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வேற எங்கயாவது ஒளிச்சிருப்ப. நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா. மாத்தல் சீட்டு வாங்கிட்டுப் போகட்டும்."

ரொதைனா ஷாஹிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இங்கேருந்து அனுப்பினா நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேன். நீங்களாவது சொல்லுங்க மிஸ்." சொன்னபடி செய்யக்கூடியவள்தான். ஷாஹிந்தா அந்தக் கையை விடாமல் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள்.

"மேடம், யோசனை என்னோடது. தப்பும் என்னோடதாவே இருக்கட்டும். நாளையிலேர்ந்து கைதட்டலே வேணாம், நிறுத்திடறேன். இவள மட்டும் விட்டுடுங்க."

ஜன்னலோரம் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"நிறுத்தறதா? எதுக்கு நிறுத்தணும்?" என்றார் அப்துல் மவ்ஜூத்.

"நீங்கதானே உஸ்தாத் வேணாம்னீங்க?"

"வேணாம்னுதான் சொன்னேன். அதுக்காக நாளையிலேர்ந்தேவா நிறுத்துவாங்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். புகைபிடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். இன்ஸாஃப் ரொதைனாவின் அம்மாவுடைய தொலைபேசி எண்ணை வாசிக்கச் சொல்லி ஷாஹிந்தாவிடம் கேட்டார். ஷாஹிந்தா வேண்டுமென்றே பதிவேட்டில் மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்துல் மவ்ஜூத் திரும்பி வந்தார். கைக்குட்டையை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கண்ணாடி இருந்தது.

"முற்றத்துல கிடந்துச்சு, குடிதண்ணிக் குழாய்கிட்ட. நான்தான் பாத்தேன்."

ரொதைனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொட்டிய சாமான்களை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். யாராவது மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற வேகம் அதில் தெரிந்தது. ஷாஹிந்தா அவள் முதுகில் தட்டி வகுப்புக்கு அனுப்பிவைத்தாள்.

இன்ஸாஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முற்றத்துலயா? இன்னிக்கு நான் முற்றத்துல கால் வைக்கவே இல்லையே. நீங்க சாக்பீஸுக்குக் கையெழுத்து வாங்க வந்தப்பகூட இது என் மூக்குமேலதான் இருந்துச்சு. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுத்தான் முகம் கழுவப் போனேன், உஸ்தாத்."

அப்துல் மவ்ஜூத் அவர் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டையை நிதானமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஷாஹிந்தாவுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"காலையில வாசிக்கறப்ப முழுப் பேரையும் வாசிம்மா. அப்துல் மவ்ஜூத் இப்ராஹீம் ஷலபி. அப்பா பேரு, தாத்தா பேரு எதையும் விட்டுடாத."