மேல்பக்க விரிசல்

1946. திருத்தணி ஓடைப் பாலத்தில் நான்கு தூண்களின் மேல் ஒரே நீள உத்தரம். பாரம் ஏற்றினால் தூண்களுக்கு இடையில் அது தொய்ந்து அடிப்பக்கம் விரியும். தூணுக்கு நேர்மேலேதான் மேல்பக்கம் விரியும்.

மணல்மூட்டை ஏற்றிச் சோதித்தபோது நடு இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட கண்ணின் மத்தியில் மேல்பக்கம் விரிந்தது. அங்கே கீழே தூண் இல்லை.

“கட்டும்போது அடியில குடுத்த முட்டு எதையாச்சும் எடுக்காம வுட்டுட்டியா?” என்று ஓவர்சியர் கங்காதரன் கேட்டார்.

“அல்லாத்தையும் போன வாரமே பிரிச்சிட்டோங்க” என்றான் கொத்தனார் வீராசாமி.

நம்பாமல் கங்காதரன் ஓடையில் இறங்கினார். முட்டு இல்லை. விரிசலுக்கு நேர்கீழே ஈரமணலில் இரண்டு காலடிகள் மட்டும் இருந்தன. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

“இன்னும் இருபது மூட்டை ஏத்து.”

உத்தரம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. காலடிகள் கணுக்கால் ஆழம் அமுங்கின.

மேலிருந்து வீராசாமி சொன்னான்: “போதுங்க. இதுக்கு மேல அவன் தாங்கமாட்டான்.”