ஏழாவது படம்

"அசையாம படுங்க டாக்டர். கண்ணை மட்டும் திறந்து வைங்க, போதும்."

பெரிய குழாய் போன்ற ஸ்கேன் மெஷினுக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தார், குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் அந்த அம்மா. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவருடைய மூளையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் பேராசிரியர்.

அந்த அம்மாவுக்கு நோய் ஒன்றுமில்லை. ஒன்றையே உற்றுக் கவனிக்கும்போது மூளை மற்றதையெல்லாம் எப்படிக் கோட்டை விடுகிறது என்பதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. உள்ளே வயிற்று ஸ்கேன் படங்கள் ஒவ்வொன்றாக வரும். சிறுநீரகக் கல் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

ஏழாவது படத்தில், கல்லே இல்லாத ஒரு நல்ல வயிற்றில், ஈரலுக்கு மேலே ஒரு குடையை வரைந்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்டு அலையவில்லை, பேராசிரியரே கொண்டுவந்துவிட்டார். இதுவரை வந்த டாக்டர்கள் ஒருவர் கண்ணிலும் குடை படவில்லை. அவருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

செல்போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, பாப்பா மறுபடியும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்துட்டா."

"பரீட்சைன்னா வர்ற வலிதானே அது?"

"இல்லைங்க, இந்தத் தடவ ஒரே பக்கமா..."

"போன மாசம்தானே கல் இருக்கான்னு பாருங்கன்னு ஸ்கேன் எடுத்தோம்? ஒரு கல்லும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் என்ன?"

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்."

"வேலையில இருக்கேம்மா. கவனம் சிதறக் கூடாது." வைத்துவிட்டார்.

திரையில் அதுவரை ஒரே இடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்த சிவப்பு, ஏழாவது படம் வந்ததும் மங்கியது. வேறு எங்கோ குப்பென்று பற்றிக்கொண்டது.

"போச்சு சார்," என்றாள் உதவிக்கு இருந்த பெண். "எண்றத நிறுத்திட்டாங்க."

"இது நமக்கு உதவாது. தூக்கிப் போடு."

அந்த அம்மா கழற்றி வைத்திருந்த தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"எத்தனை கல் டாக்டர்?"

"பாதியிலேயே விட்டுட்டேன்."

"சரி, குடையையாவது பார்த்தீங்களா?"

"குடையா? அது எங்க இருந்துச்சு?"

உதவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்லும் போச்சு, குடையும் போச்சு."

"சிரிம்மா, சிரி. அதான் இன்னொண்ணு வரைஞ்சிருந்தீங்களே, ஏழாவது படத்துல? அத உடனே கண்டுபிடிச்சிட்டேன். இத்தனை வருஷமா அந்த இடத்தத்தானே கிழிச்சுத் தைக்கிறேன், என் கண்ணு தானா அங்கதான் போகும். அப்பெண்டிக்ஸ் நுனியில சின்னதா ஒரு கட்டி. அசல் மாதிரியே இருந்துச்சு."

பெண்ணின் சிரிப்பு நின்றது. "டாக்டர், நாங்க குடை மட்டும்தான் வரைஞ்சோம்."

இன்னொரு தோடு அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது.

"அப்போ முதல்ல அந்த வீட்டுக்குச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு இது வர்றது அபூர்வம். அதனாலயே யாரும் தேடறதில்ல, வெறும் வயித்து வலின்னு விட்டுடறாங்க. சீக்கிரமா எடுத்துட்டா அநேகமா பயமில்ல. யாரோட படம் அது?"

பெண் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் செல்போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஏம்மா... வலி எந்தப் பக்கம்னு சொன்னா பாப்பா?"