ஓரத்திலிருந்து மூன்றாவது

"தார்ப்பாயை இப்படி இழுத்துக் கட்டினது யாரு?"

"நான்தான். காத்து உள்ளே வந்துடக் கூடாதுன்னு..." படகுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார் தபானி.

"காத்து வரணும்னுதானேங்க இவ்வளவு பாடு! ரெண்டு முனையையும் திறந்து விடுங்க. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகட்டும். குளிர் படகை ஒண்ணும் பண்ணாது. ஈரம்தான் எமன்."

இர்மெலி ஏணியில் ஏறித் தானே முடிச்சைத் தளர்த்தினாள். பின்லாந்தின் கடலோரக் கோத்காவில் அது பிப்ரவரி. கடல் உறைந்து கிடந்தது. படகுச் சங்கத்தின் முற்றத்தில் வரிசையாக ஆறு படகுகள், ஆறும் பச்சைத் தார்ப்பாய்க்குள். எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

"அலமாரிக் கதவெல்லாம் திறந்தாச்சு. அடிப்பலகையையும் தூக்கி வெச்சுட்டேன். ஈரத்தை உறிஞ்ச வெச்ச உப்பு வாளியில இந்த வாரம் கால் வாளித் தண்ணிதான்" என்றார் தபானி.

"போன வாரம் அரை வாளி. பரவாயில்லையே, தேறிட்டீங்க! வினிகர் போட்டுத் துடைச்சீங்களா?"

"மூலை முடுக்கெல்லாம். கையெல்லாம் ஊறுகாய் வாசனை. பஸ்ல பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க."

"நீங்க சென்ட் அடிச்சுட்டுப் போனாலும் நம்ம ஊர் பஸ்ல தெரியாதவங்க பக்கத்துல எவன் வந்து உக்காரப் போறான்?"

தபானி சிரித்தார். பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்கும் காபி ஊற்றினார். பட்டைத்தூள் தூவிய பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தார்.

அந்தப் பெரிய பாதிதான் இர்மெலியை உறுத்தியது. ஏனென்றால் அது தபானியின் படகே இல்லை. அவளுடையது.

நவம்பரில் அவர் இதே வடிவப் படகு ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். 'ஓரத்திலிருந்து மூன்றாவது' என்று சொன்ன பழைய சொந்தக்காரர், எந்த ஓரம் என்று சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். தபானி வாசல் பக்கமிருந்து எண்ணினார். குளிர்காலத்தில் அங்கே யாரும் படகைப் பூட்டுவதில்லை. உள்ளே திருட என்ன இருக்கிறது? நேராக ஏறித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் ஞாயிறே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர், "ஏங்க, இந்தப் பூஞ்சண நாத்தம் போக என்னங்க வழி?" என்று கேட்டுவிட்டார். தனியாக வாழ்ந்த பதினோரு வருஷத்தில் யாரும் அவளிடம் எதற்கும் வழி கேட்டதில்லை. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். "உங்க படகு எது?" என்றதற்கு, "அந்தக் கடைசியில" என்று கையை எங்கேயோ காட்டினாள்.

அப்புறம் எப்படிச் சொல்வது? வாரா வாரம் பொய்க்கு வயது கூடியது. பக்கத்திலிருந்த அவருடைய நிஜமான படகையாவது ரகசியமாகத் துடைத்துவைக்கலாமென்று ஒரு புதன்கிழமை போய்ப் பார்த்தாள். அதன் கதவில் மட்டும் புத்தம் புதுப் பூட்டு. பாவம், உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பூத்திருக்கும். தெரிந்தால் மனுஷன் முகத்திலேயே விழிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளும் அதோடு சரி. அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் வசந்தம் யாருக்காகக் காத்திருக்கிறது? மே பிறந்தது. மறுநாள் கிரேன் வந்து படகுகளைக் கடலில் இறக்கும். தார்ப்பாயை அவிழ்த்தால் பின்பக்கத்தில் படகின் பெயர் தெரிந்துவிடும். அன்று ஞாயிறு. தபானி முடிச்சில் கை வைத்தார்.

"நில்லுங்க!" என்றாள் இர்மெலி. "தபானி, என்னை என்ன வேணா திட்டுங்க. இது உங்க படகு இல்லை, என்னோடது. உங்களோடது பக்கத்துல நிக்குது. அஞ்சு மாசமா உங்களை ஏமாத்தி வேலை வாங்கிட்டேன்."

தபானி கையை எடுத்தார். அவசரப்படாமல் பிளாஸ்க்கைத் திறந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா! எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. அலமாரிக்குள்ள ஒரு மிதவைச் சட்டை கிடந்துச்சு. அதுல 'இர்மெலி'ன்னு எழுதியிருந்துச்சு."

"அட கடவுளே! தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? உங்க படகு இந்நேரம் பூஞ்சணம் பிடிச்சு நாறியிருக்குமே!"

"அதெல்லாம் எலும்பு மாதிரிக் காஞ்சு கிடக்கு" என்றார் தபானி, காபியை அவளிடம் நீட்டியபடி. "நீங்க சொல்லிக்கொடுக்கறதை எல்லாம் மறு சனிக்கிழமை வந்து அதுல செஞ்சுட்டுத்தானே இருக்கேன்?"