அடித்துப்போட்ட மாதிரி தூக்கம்

நூலகத்து மாடியில் குடியை விட்டவர்களின் கூட்டம். புதிதாக வந்த தையல்காரர் எழுந்தார்.

“வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து குடிக்கிறேன். ரெண்டு கிளாஸ் போட்டுட்டுப் படுத்தா, விடியிற வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்.”

யாரும் குறுக்கே பேசவில்லை. காலி வீடு, ஒருவருக்கான சமையல் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும், அதை நடத்தும் பஸ் டிரைவர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடிகாரனுக்கு ஏதுண்ணே தூக்கம்? பாதி ராத்திரியில முழிச்சு உட்கார்ந்திருப்போம். நீங்க தொட்டதே இல்ல, அப்படித்தானே?”

தையல்காரரின் தலை தொங்கியது. “வீட்டுல பேச ஆளில்ல தம்பி. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா என்னை வர விடமாட்டாங்க.”

“நீங்க தூக்கம்னு சொன்னப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு,” என்றார் டிரைவர். “அதுக்கப்புறந்தானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டோம்.”