பொறி பிடிக்கும் துணி

"இந்தத் துணியை உனக்கு யார் குடுத்தது?"

கேப்டன் வெர்ஜில், டார்லாவின் தகர டப்பாவைத் திறந்து, உள்ளே கருக்கி வைத்திருந்த துணித் துண்டுகளை முகர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க. பேர் வேண்டாமே, கேப்டன். ஆனா அசல் லினன்."

"லினனா? ஜீன்ஸ்! கிழிஞ்ச ஜீன்ஸைக் கருக்கி எடுத்துட்டு வந்திருக்கே. என் மூக்குக்குத் தெரியாதா?"

கென்டக்கி மலைக்காட்டில் அவருடைய குழு அந்தக்கால வேட்டைக்காரர் வேஷத்தில் வருடந்தோறும் நடை போகும். 1775-ஆம் வருடத்து வேட்டைக்காரனிடம் இல்லாத எதையும் எடுத்துப் போகக்கூடாது. தீப்பெட்டி, லைட்டர் மூச்! சிக்கிமுக்கிக் கல்லில் எஃகை உரசி, பொறியைக் கருக்கிய துணியில் பிடித்துத்தான் தீ மூட்ட வேண்டும். கிளம்புமுன் எல்லோரையும் கேப்டன் தலை முதல் கால் வரை சோதிப்பார். தேறாத சாமானைக் கண்டால், "காருல வச்சுட்டு வா" என்பார். தீ மூட்டும் துணியே தேறாவிட்டால் ஆளும் காரோடு போக வேண்டியதுதான்.

டார்லாவை முதல் தடவை சட்டைப் பொத்தானுக்காகத் திருப்பி அனுப்பினார். போன வருடம் செருப்புத் தையலுக்காக. ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு ஓஹையோவிலிருந்து வண்டி ஓட்டி வருகிறவள். இந்த முறை அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"பாருங்க!" என்று எஃகை உரசினாள். பொறி விழுந்த இடத்தில் துணி சிவந்து, கனல் மெல்லப் பரவியது.

"ஜீன்ஸும்தான் பிடிக்கும். என்கிட்டயே கதை விடாதே. அடுத்த வருஷம் ஒழுங்கா வா."

"அநியாயம், கேப்டன்! மூக்கை வச்சா தீர்ப்பு சொல்வீங்க?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கேப்டனை எதிர்த்துப் பேசினால் அடுத்து அவரவர் பை அல்லவா அவிழும்!

கார்களுக்குப் பக்கத்தில் பீன்ஸ் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த நொரீன் நிமிர்ந்தாள். கேப்டனின் மனைவி. ஒரு வருடம் அவளும் ஆசையாகக் கிளம்பினாள். மூக்குக்கண்ணாடியின் சட்டம் பிளாஸ்டிக் என்று கட்டின மனைவியையே நிறுத்திவிட்டார் மகானுபாவர். அன்றிலிருந்து அவளுக்கு வாய்த்தது இந்தப் பானைதான்.

"ஏன் வெர்ஜில், வாயால சொன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படிப் புரியும்? லினன் எப்படிக் கருகும்னு செஞ்சு காட்டேன்."

"லினனுக்கு எங்கே போறது?"

"உன் சட்டை இருக்கே!"

கேப்டனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் லினன். நான் துணி எடுத்துக் குடுத்து, இவ கையால தைச்சது. காட்டுல விழுந்து புரண்டாலும் ஒரு சுருக்கம் விழாது!"

சட்டையின் அடி விளிம்பில் விரலளவு கிழித்தார். தன் டப்பாவில் போட்டு மூடி, பானைக்கடியில் கனலில் வைத்தார்.

"மூடியில ஓட்டை இருக்கா, அது வழியா வெள்ளைப் புகை வரும். புகை நின்னா துணி ரெடி."

புகை வந்தது. கறுப்பாக வந்தது. கூடவே பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

கேப்டன் டப்பாவைக் குச்சியால் இழுத்துத் திறந்தார். துணியைக் காணோம். அடியில் கறுப்பாக ஒரு பிசின் உருகி ஒட்டியிருந்தது. டார்லா சிரித்துவிட்டாள். அதற்காகவே காத்திருந்தது போல மற்றவர்களும் சிரித்தார்கள்.

"நொரீன்!" கேப்டன் கத்தினார். "உனக்கு நான் அசல் லினன்தானே வாங்கிக் குடுத்தேன்? அதை என்ன பண்ணினே?"

நொரீன் கரண்டியை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"கருக்கி டார்லாவுக்குக் குடுத்தேன், நீதான் ஜீன்ஸ்னு சொல்லிட்டே. உன் மேல இருக்கிறது பாலியெஸ்டர் ஜன்னல் திரை, கழட்டிக் காருல வச்சுட்டு வா!"