ராணியும் வக்கீலும் ஒருத்திதான்

"வக்கீலம்மா செத்துட்டாப்பா. போன வாரமே போய்ச் சேர்ந்துட்டா."

டிவியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவியது.

"என்னம்மா குண்டைத் தூக்கிப் போடறீங்க? நேத்துகூட கோர்ட்ல நின்னு சொந்த மாமனாரையே கிழிகிழின்னு கிழிச்சாளே! நானும் எங்க வீட்டுக்காரியும் சோத்துல வச்ச கைய எடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தோம்."

"நேத்து நின்னவ வேற ஒருத்தி" என்றாள் அந்த வீட்டு அம்மா.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சீரியல் பேச ஆள் கிடைத்தால் அவனுக்குக் காப்பிகூட வேண்டாம். "ஆள்மாறாட்டமா? நான் ரெட்டைப் பிறவின்னு நெனச்சேன். எங்க வீட்டுல, இல்ல, மூஞ்சிய ஆபரேஷன் பண்ணி மாத்திட்டாங்கன்னு அடிச்சுச் சொல்றா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஏழு மணி வக்கீலும் எட்டு மணி ராணியும் ஒருத்திதான். அங்க போயிட்டா. இங்க இன்னும் இருக்கா."

அவன் வாய்விட்டே சிரித்துவிட்டான். "ரெண்டு கதையையும் போட்டுக் குழப்பிட்டீங்களே! அவ கறுப்புக் கோட்டு, இவ கிரீடம். அவ ஸ்கூட்டர்ல போறா, இவ யானை மேல வர்றா. சேனலே வேற வேற. போதாக்குறைக்கு ரெண்டும் டப்பிங் சீரியல், வாய் ஒரு பக்கம் போகுது, வார்த்தை ஒரு பக்கம் வருது. இதுல எந்த வழியிலம்மா சொந்தம்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுப்பா."

பாவம், பொழுது போகாத வீடு என்று நினைத்துக்கொண்டான். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதுவும் அந்தப் பழைய பெட்டி டிவிக்கு எதிரில் இல்லை. பக்கவாட்டில், ஸ்பீக்கரை உரசினாற்போல் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் படம் பாதிகூடத் தெரியாது.

"எட்டு மணிக்குள்ள சத்தம் வந்துடுமா தம்பி? படம் வராட்டியும் பரவாயில்ல."

"படமில்லாம எதைப் பாக்கறதாம்! ஸ்பீக்கர் புட்டுக்கிச்சு. மாத்திட்டா முடிஞ்சுது."

புது ஸ்பீக்கரைப் பற்றவைத்துச் சுவிட்சைத் தட்டினான். சோப்பு விளம்பரம் வீடே அதிரப் பாடியது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் உடனே குழாயை மூடினார். அவள் ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

எக்காளம் முழங்கியது. அமைச்சர் இடிபோல ஏதோ சொல்லி வணங்கினார். ராணி சிம்மாசனத்திலிருந்து எழுந்தாள்.

"சபை கலையட்டும்!"

அந்த அம்மா திடுக்கிட்டாள். "தம்பி, ஸ்பீக்கர்ல கோளாறு இருக்கு. சரியாப் பாரு."

"புத்தம்புதுசும்மா. அமைச்சர் கணீர்னு பேசினாரே, கேக்கலியா?"

"இல்லப்பா. வயரை மாத்திக் கொடுத்திருப்ப. இன்னொரு தரம் பாரேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

கழற்றி மாட்டினான். ராணி பேசினாள். அந்த அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். பையிலிருந்த இன்னொரு ஸ்பீக்கரையும் எடுத்துப் போட்டுப் பார்த்தான். படைத்தளபதி கர்ஜித்தான், குதிரை கனைத்தது, எல்லாம் சுத்தமாகக் கேட்டது. அவள் மட்டும், "இது இல்ல, இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சத்தியமா ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்லம்மா. ராணிக்குத்தான் ஜலதோஷமோ என்னமோ!"

அவன் சிரிப்புக்கு யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார் கணவர்.

"விடு" என்றார் மனைவியிடம். "எத்தனை ஸ்பீக்கர் மாத்தினாலும் இனிமே அவ்வளவுதான். ராணியும் போயிட்டா."

அவள் ஸ்பீக்கர் மேலிருந்த கையை மெல்ல எடுத்தாள்.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னய்யா, நீங்களுமா? ராணி அதோ குத்துக்கல்லாட்டம் நிக்கறாளே! யாருதான்யா போனது?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"எம்பொண்ணு. சாகறதுக்கு முன்னாடி ராணிக்கு அவ பேசி வச்ச டப்பிங் நேத்தோட தீர்ந்துபோச்சு தம்பி."