கழுத்து வேலை

"அந்தக் கண்ணாடியை என் பக்கம் திருப்புங்க" என்றேன். இந்த நகைக்கடையில் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் தங்கபுஷ்பம் அக்கா எச்சரித்திருந்தார்: "எத வேணா கேளு, கண்ணாடிய மட்டும் கேக்காத. அது கஸ்டமருக்கு. நீ பாத்தா ஆசை வரும்." நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, தாலுகா ஆபீஸில் முத்திரை குத்தி அதற்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். இயற்பியல் படித்துவிட்டு இங்கே கழுத்தாக வேலை பார்க்கிறேன். ஆரத்தையும் அட்டிகையையும் மாட்டிக்கொண்டு, வாங்க வந்தவர்கள் பார்க்க நிற்க வேண்டும். "உன் கழுத்துக்குன்னே அமைஞ்ச வேலைடி" என்பார் அக்கா. இன்று கல்யாணப் பெண்ணோடு வந்த அவள் அம்மா, "நிமிரு" என்று என் தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்புவதுபோல் முகத்தை மேலே தள்ளினார். "இவ கழுத்துலயே இப்படி ஜொலிக்குதுன்னா உனக்கு எப்படி இருக்கும் பாரு!" என்று மகளிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நல்லா தொடச்சிட்டுக் குடுங்க." அப்போதுதான் கண்ணாடியைக் கேட்டேன். யாரும் அசையவில்லை. கல்யாணப் பெண்தான், அம்மாவைப் பார்க்காமல், கண்ணாடியைத் திருப்பினாள். அட்டிகை அழகாகத்தான் இருந்தது. ஆனால் விரலை எடுத்து இவ்வளவு நேரமாகியும், என் தாடை அந்த அம்மா வைத்த உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதை நானே இறக்கினேன். அட்டிகையைக் கழற்றி, துடைக்காமல், தட்டில் வைத்தேன். "எங்கடி போற? கஸ்டமர் நிக்கிறாங்க!" என்று அக்கா கத்தினார். வேலை பார்ப்பவர்களுக்குப் பின்வாசல். நான் முன்வாசலைப் பார்த்து நடந்தேன்.